பதினெட்டு வயது எடையும் பிற்கால இரத்த அழுத்தமும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் பேச வேண்டுமென்று காரியதரிசியவர்கள் எனக்கு எழுதியபோது, நம் மரபினரின் பூர்வீகப் பெருமையைப் பற்றிப் பேசலாமே என்று அன்புடன் குறிப்பிட்டிருந்தார்கள். அப்பொருளைப் பற்றி என்னைவிட நன்றாய்ப் பேசவல்ல புலவர்கள் இச்சபையில் பலர் இருக்கின்றனர். ஆதலின் அதனை அவர்களுக்கே விட்டுவிட்டு, நம்மவர் மேடையில் பேசத் துணியாததும், எவரேனும் பேசினாற் சிரித்துத் தள்ளிவிடுவதுமான வேறொரு விஷயத்தை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். அது நம் தேகத்தின் எடை. வாலிபம் தொடங்கி முதுமை வரையில் அவ்வெடை எவ்வாறு மாறுகின்றது, அம்மாற்றத்தினால் இரத்த அழுத்தம் என்னும் நோய் எங்ஙனம் வந்து சேருகின்றது என்பதே நான் சொல்லப் புகுந்தது.

இவ்விஷயத்தை நான் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் நமது சஞ்சிகையின் கடைசிப் பக்கம். திருமணச் செய்திகளுக்கும் பரீட்சையில் தேறியவர்களின் பெயர்களுக்கும் அடுத்தபடியாக அதில் இரங்கற் குறிப்புகள் வெளிவருவதை எல்லோரும் அறிவீர்கள். பழைய இதழ்களை ஒருநாள் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில், கடையிலிருந்தபோதே, அல்லது கல்யாணப் பந்தலிலிருந்து வீடு திரும்பியவுடனே, "திடீரெனக் காலமானார்" என்று எழுதப்பட்டவர்கள் ஒருவரல்லர், இருவரல்லர். திடீரென என்னும் சொல்லை நாம் துக்கத்தின் மிகுதியால் எழுதுகிறோம். ஆனால் வைத்திய சாஸ்திரப்படி பார்த்தால் அவற்றுட் பெரும்பாலானவை திடீரென நேர்ந்தவை அல்ல. இருபது, இருபத்தைந்து வருஷங்களாக மெல்ல மெல்ல வந்தவையாகும்.

என் தமக்கையின் கணவரைப் பற்றிச் சொல்லுகிறேன். அவர் பலசரக்கு வியாபாரி. குடியும் புகையும் அறியாதவர். 2014-ஆம் ஆண்டில், தமது ஐம்பத்திரண்டாம் வயதில், கடையைத் திறந்து விளக்கேற்றும் வேளையிற் பக்கவாதத்தால் வீழ்ந்தார். வலக்கையும் வாய்ப்பேச்சும் போயின. ஐந்து ஆண்டுகள் படுக்கையிலிருந்து 2019-இல் காலமானார். "ஒருநாளும் தலைவலியென்று படுத்தவரில்லையே" என்று என் தமக்கை இன்றும் சொல்லுகிறாள். அவர் வீழ்ந்த பிறகு காகிதங்களைத் தேடுகையில் ஒரே இரும்புப் பெட்டிக்குள் இரண்டு ஆயுள் இன்ஷூரன்ஸ் பத்திரங்கள் கிடைத்தன. ஒன்று 1986-ஆம் ஆண்டு எடுத்தது. அதனோடிருந்த வைத்தியப் பரிசோதனைத் தாளில் எடை 56 கிலோ, இரத்த அழுத்தம் 118-க்கு 76. மற்றொன்று 2011-ஆம் ஆண்டு எடுத்தது. அதில் எடை 71 கிலோ, அழுத்தம் 146-க்கு 92. இரண்டாம் பத்திரத்திற்கு வழக்கத்தைவிட அதிகப் பிரிமியம் விதித்திருந்தார்கள். இவரும் மறுபேச்சின்றிக் கட்டியிருக்கிறார். ஒரு மூட்டைத் துவரம்பருப்புக்கு ரூபாய் இரண்டு கூடுதலாகக் கேட்டால் ஏன் எதற்கென்று அரைமணி நேரம் வாதாடக் கூடியவர், தம் உயிருக்கு விலை ஏற்றப்பட்டபோது ஏனென்று கேட்கவில்லை. வீட்டிலிருந்த வைத்தியனாகிய நானும் அவ்விரு தாள்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்தவனல்லேன்.

இருபத்தைந்து ஆண்டுகளில் 15 கிலோ. ஆண்டொன்றுக்கு 600 கிராம். மாதம் ஒன்றுக்கு 50 கிராம். நம் கடைகளில் இருக்கும் சிறிய எடைக்கற்களுள் ஒன்று ஐம்பது கிராம் கல். மாதம் ஒருமுறை அக்கல் ஒன்றைத் தராசுத் தட்டில் யாரோ ஓசையின்றி வைத்துச் சென்றதற்கு ஒப்பாயிற்று இது. அவர் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். அவரைப் பார்த்து எவரும் பருமனென்று சொன்னதில்லை. "கல்யாணத்துக்குப் பிறகு ஆள் பூசினாற்போல் ஆகிவிட்டார்" என்றே மெச்சினார்கள்.

இது நிற்க. இரத்த அழுத்தம் என்பது யாதெனச் சற்றே விளக்கிவிட்டு மேலே செல்கிறேன். இருதயம் இரத்தத்தைக் குழாய்களில் தள்ளும்போது அக்குழாய்ச் சுவரின்மேல் உண்டாகும் அழுத்தமே அது. 1733-ஆம் ஆண்டில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார், ஒரு குதிரையின் இரத்தக் குழாயில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றதைக் கண்டு வெளியிட்டார். மனிதருக்கு இம்முறை ஆகாதல்லவா? 1896-இல் ரிவா-ரோச்சி என்னும் இத்தாலிய வைத்தியர் கையிற் கட்டும் காற்றுப்பட்டையை அமைத்தார். 1905-இல் கொரட்கோவ் என்னும் ருஷிய வைத்தியர் அப்பட்டைக்குக் கீழே ஒலியைக் கேட்டு மேலெண், கீழெண் இரண்டையும் கணக்கிடும் வழியைக் கண்டார். மேலெண் இருதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தம். கீழெண் அது விரியும்போதுள்ளது. வைத்தியரிடம் பல நாட்களில் அளந்தும் 140-க்கு 90 என்னும் அளவை எட்டினால் நோயென்று கொள்வது வழக்கம். அமெரிக்க வைத்தியர்கள் 2017-ஆம் ஆண்டு முதல் 130-க்கு 80 என்பதையே எல்லையாக வைத்திருக்கின்றனர்.

நம்மவர் இதனை இரத்தக் கொதிப்பு என்பர். இப்பெயர் நமக்குப் பெருந்தீங்கு செய்திருக்கிறதென்பது என் அபிப்பிராயம். இதிற் கொதிப்பது ஒன்றுமில்லை. கோபக்காரருக்கு வருவது, சாந்தமானவருக்கு வாராது என்று பலர் எண்ணிக்கொண்டிருப்பது இப்பெயராலேயே. என் அத்தான் வாடிக்கைக்காரரிடம் குரலுயர்த்திப் பேசியறியாதவர். தலை சுற்றினால்தான் கொதிப்பு என்பதும் தவறு. பெரும்பாலோருக்கு எவ்வித அறிகுறியுமின்றியே இந்நோய் ஆண்டுக்கணக்கில் உள்ளிருக்கும்.

இனி, எடைக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவு. பருத்தவர்களுக்கு இந்நோய் மிகுதியாக வருமென்பது புதிய செய்தியன்று. நான் சொல்ல வந்தது அதுவன்று. இன்று ஒருவர் பருத்திருக்கிறாரா மெலிந்திருக்கிறாரா என்பதைக் கண்ணாற் கண்டு முடிவு செய்வது போதாது; அவர் தம் வாலிபத்தில் என்ன எடை இருந்தார், அதிலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறார் என்பதையும் கேட்க வேண்டும் என்பதே. இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் அமெரிக்க தேசத்துத் தாதிமார்கள்.

1976-ஆம் ஆண்டில் அந்நாட்டின் பதினொரு ராஜ்யங்களில் வாழ்ந்த, 30 முதல் 55 வயது வரையிலான தாதிகளுக்கு ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் தபாலிற் கேள்வித்தாள் அனுப்பினார்கள். 1,21,700 பேர் விடை எழுதினார்கள். அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறை கேள்வித்தாள் சென்றது. தாதிகளைத் தேர்ந்ததில் ஒரு நுட்பம் உண்டு. அவர்கள் நோயின் பெயரைச் சரியாக அறிந்தவர்கள். வைத்தியர் சொன்னதைத் திரித்து எழுதமாட்டார்கள். பதினெட்டாம் வயதில் நும் எடை என்ன என்னும் ஒரு கேள்வியும் அவர்களிடம் கேட்கப்பட்டது. தொடக்கத்தில் இரத்த அழுத்த நோய் இல்லாதிருந்த 82,473 பேரை 1992 வரையில் தொடர்ந்து கவனித்ததில், 16,395 பேருக்கு அந்நோய் புதிதாக வந்தது. இவ்வாராய்ச்சியின் முடிவு 1998-ஆம் ஆண்டில் "அன்னல்ஸ் ஆவ் இன்டர்னல் மெடிசின்" என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று.

அம்முடிவைச் சற்று நிதானமாகக் கேட்க வேண்டுகிறேன். பதினெட்டு வயதிலிருந்த எடையைவிட்டு இரண்டு கிலோவுக்கு மேல் அசையாதவர்களை ஒரு பக்கம் வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு நோய் வந்த விகிதத்தை ஒன்றென்று கொண்டால், 5 முதல் 10 கிலோவுக்குள் கூடியவர்களுக்கு அவ்விகிதம் 1.74. அஃதாவது, அங்கே நூறு பேருக்கு நோய் வருமிடத்தில் இங்கே அதே தொகையினருள் நூற்றெழுபத்து நான்கு பேருக்கு வந்தது. 25 கிலோவும் அதற்கு மேலும் கூடியவர்களுக்கு 5.21, ஐந்து மடங்கிற்கும் அதிகம். எதிர்ப்புறத்தில், 5 முதல் 10 கிலோவுக்குள் குறைந்தவர்களுக்கு நோய் நூற்றுக்குப் பதினைந்து பங்கும், 10 கிலோவும் அதற்கு மேலும் குறைந்தவர்களுக்கு இருபத்தாறு பங்கும் குறைவாயிருந்தது. இக்குறைவின் நன்மை, பதினெட்டு வயதிலேயே பருத்திருந்தவர்களிடத்தில் அதிகமாய்க் காணப்பட்டது. மெலிந்தவர் இன்னும் மெலிய வேண்டுமென்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. எடை கூடியதன் தீங்கு, வயது முதிர்ந்தவர்களைவிட நாற்பத்தைந்துக்கு உட்பட்டவர்களிடம் வலுவாய்த் தெரிந்தது.

இருபத்தைந்து கிலோ கூடியவர்களின் கணக்கைக் கேட்டு நீங்கள் வியக்கவில்லை. உங்கள் முகங்களைப் பார்க்கிறேன். அது எவருக்கும் தெரிந்ததுதானே என்கிறீர்கள். என்னைத் திடுக்கிடச் செய்தது அதுவன்று, முதலிற் சொன்ன ஐந்து முதல் பத்துக் கிலோவின் கணக்கே. நம் சபையில் நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுள் அந்த ஐந்து கிலோவைத் தாண்டாதவர் எத்தனை பேர் இருக்கக்கூடும்? எட்டுக் கிலோ இருபத்தைந்து ஆண்டுகளிற் கூடினால், நாளொன்றுக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. அவ்வளவைக் கண் காணாது. துணி காணாது, ஏனெனில் வேட்டிக்கு அளவேது? சேலைக்கு அளவேது? கால்சட்டை அணியும் பிள்ளைகளுக்காவது இடுப்புப் பட்டையின் துளை காட்டிக்கொடுக்கும். நம் தேசத்து உடை இவ்விஷயத்தில் மிகவும் தாட்சணியமுள்ளது.

அமெரிக்கப் பெண்களின் கணக்கு நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பது நியாயமே. அவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். எடையையும் தாங்களே எழுதியனுப்பினார்கள். ஆகவே அந்த 1.74 என்னும் எண் அப்படியே நம்மிடம் வருமென்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் திசை ஒன்றே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆண்களைப் பற்றியும் ஒரு சாட்சி உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் 1948 முதல் 1964 வரை சேர்ந்த வைத்திய மாணவர்களை அவர்கள் முதுமை எய்தும் வரையில் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். அவர்களுள் 1,132 ஆண்களைப் பற்றிய முடிவு 2012-இல் வெளியாயிற்று. ஏறக்குறைய நாற்பத்தாறு ஆண்டுகளில் 508 பேருக்கு அழுத்த நோய் வந்தது. இருபத்தைந்து வயதில் அளவான எடையோடிருந்து நாற்பத்தைந்து வயதிற்குள் பருத்தவர்களுக்கு, எப்பொழுதும் அளவோடிருந்தவர்களைவிட நோய் நூற்றுக்கு ஐம்பத்தேழு பங்கு அதிகம். இருபத்தைந்தில் பருத்திருந்து நாற்பத்தைந்துக்குள் அளவான எடைக்குத் திரும்பியவர்களுக்கோ, என்றுமே பருக்காதவர்களுக்கும் அவர்களுக்கும் வேற்றுமை காணவில்லை. இளைஞர்களே, இந்த இரண்டாவது வாக்கியத்தை நீங்கள் முக்கியமாகக் கருத வேண்டும். இருபதில் ஏறிய கடனை நாற்பத்தைந்துக்குள் அடைத்துவிட்டால் வட்டியே கேட்காத சாவுகாரன் உலகில் வேறெங்கும் இல்லை.

நம் நாட்டு மக்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. கைகால் மெலிந்திருக்க, வயிறு மட்டும் முன்தள்ளும். ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இரத்த அழுத்தமும் நமக்கு வந்துவிடுகின்றன. இதனால் எடையைக் கிலோவிற் கொண்டு, உயரத்தை மீட்டரிற் கொண்டு இருமுறை வகுத்துவரும் எண், ஐரோப்பியருக்கு 25-க்கு மேற்போனால் அதிகம் என்பது போக, இந்தியருக்கு 23-க்கு மேற்போனாலே அதிகம் என்று 2009-ஆம் ஆண்டில் இந்திய வைத்திய நிபுணர்கள் வகுத்தார்கள். ஐந்தடி ஐந்தங்குல உயரத்துக்கு இது ஏறத்தாழ 62 அல்லது 63 கிலோ. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80-க்கும் மேற்படலாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் எடுத்த கணக்கு 2023-இல் வெளிவந்தது. அதன்படி வயது வந்தவர்களுள் நூற்றுக்கு 35.5 பேருக்கு இரத்த அழுத்த நோய் இருக்கின்றது. மூவரில் ஒருவருக்கு மேல். இந்தப் பந்தலில் வரிசை வரிசையாய் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

எடை கூடினால் அழுத்தம் ஏன் கூட வேண்டும்? கொழுப்பு என்பது மூட்டையில் கட்டிவைத்த சரக்கன்று. அது உயிருள்ள சதை. அதற்கும் இரத்தம் வேண்டும். பத்துக் கிலோ கூடினால் அப்பத்துக் கிலோவுக்கும் இரத்தக் குழாய்கள் புதிதாய் உண்டாகின்றன. இரத்தத்தின் அளவும் பெருகுகின்றது. இருதயம் இரவும் பகலும் அதனைத் தள்ளியாக வேண்டும். இஃது ஒன்று. வயிற்றினுள்ளே சேரும் கொழுப்பு மூத்திரப்பைக்கு மேலேயுள்ள சிறுநீரகங்களைச் சூழ்ந்து நெருக்குகின்றது. நெருக்குண்ட சிறுநீரகம் உப்பை வெளியே தள்ள மாட்டாமற் பிடித்துக்கொள்கின்றது. உப்பு நின்றவிடத்தில் நீரும் நிற்கும். நீர் நின்றால் அழுத்தம் ஏறும். அன்றியும் கொழுப்பே சில ரசங்களைச் சுரந்து, நரம்புகளைத் தூண்டி, இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்கின்றது. ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறவனுக்குச் சில நிமிஷங்கள் இருக்கவேண்டிய நிலை, கல்லாப்பெட்டியின்முன் சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு நாள் முழுதும் இருக்கின்றது.

குறட்டையையும் இங்கே சொல்ல வேண்டும். கழுத்திற் சதை வைத்தவர்களுக்கு உறக்கத்தில் மூச்சுக்குழல் அடைபட்டு, மூச்சு நின்று நின்று வரும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அழுத்தம் எகிறும். நம் வீடுகளிற் குறட்டை விடுபவரை, "பாவம், உழைத்த களைப்பு, நன்றாய் உறங்குகிறார்" என்று மெச்சுகிறோம். அவர் உறங்கவேயில்லை. குறட்டை நடுவில் நின்று, பிறகு திணறலோடு தொடங்குவதைக் கேட்கும் மனைவிமார்கள் அதனை வைத்தியரிடம் தாமே வந்து சொல்லுதல் நலம், கணவன்மார் சொல்லமாட்டார்கள்.

உப்பைப் பற்றித் தனியே ஒரு நாள் பேசலாம். நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி அளவே, போதுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகின்றது. நம் இலையில் ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் கருவாடுமே அவ்வளவைத் தீர்த்துவிடும். சோறு உண்பதால்தான் இவையெல்லாம் வருகின்றன என்று இக்காலத்திற் சிலர் சோற்றைப் பழிக்கின்றனர். 1940-களில் அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலையில் வால்டர் கெம்ப்னர் என்னும் வைத்தியர், கடுமையான அழுத்த நோயாளிகளுக்கு உப்பில்லாச் சோற்றையும் பழத்தையும் சர்க்கரையையுமே ஆகாரமாகக் கொடுத்து அழுத்தத்தைக் குறைத்துக் காட்டினார். அதை நீங்கள் வீட்டிற் செய்து பார்க்க வேண்டாம்; அது வைத்தியசாலைக் கட்டுப்பாட்டில் நடந்தது. சோற்றின்மேற் பழிபோட்டுவிட்டு நெய்யையும், பலகாரத்தையும், இரவு பத்து மணிச் சாப்பாட்டையும் தப்பவிடாதீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

நம்மவரின் ஜீவனமுறையே இவ்வெடைக்கு ஏற்றவாறு அமைந்திருக்கிறது. நம் பாட்டனார்கள் மூட்டை சுமந்தார்கள்; சந்தைக்குச் சந்தை நடந்தார்கள். நாம் அவர்கள் வைத்துவிட்டுப் போன கடையில் உட்கார்ந்திருக்கிறோம். காலையில் எட்டு மணிக்கு உட்கார்ந்தவர் இரவு கணக்கு முடித்தே எழுகிறார். நடுவில் வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி வருகிறது. அவர்களோடு நாமும் குடிக்கிறோம். உடலுழைப்பு போய்விட்டது, உழைத்தவன் உண்ணும் அளவு மட்டும் போகவில்லை. புதுமாப்பிள்ளைக்கு ஆறு மாதம் விருந்து. அவன் இளைத்திருந்தால் மாமியாருக்குப் பழி. தாய்மார்கள் பிரசவத்திற்குப் பின் கூடிய எடை அடுத்த பிரசவம் வரையில் அப்படியே நிற்கின்றது. இது அவர்கள் பிழையன்று, அவர்களுக்கென்று வீதியில் அரைமணி நேரம் நடக்கவும் நாம் இடம் வைக்கவில்லை. கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் ஏறிய பெண்களுக்குப் பிற்காலத்திலும் அந்நோய் வர ஏது அதிகம். அவர்கள் பிள்ளை பெற்றபின் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாமல் ஆண்டுதோறும் அளந்து பார்க்க வேண்டும்.

"என் தாத்தா எண்பது கிலோ இருந்தார், தொண்ணூறு வயது வாழ்ந்தார்" என்று சொல்பவர் ஒருவரேனும் இச்சபையில் இருப்பார். இருக்கட்டும். கடன் கொடுத்தவர்களுள் ஒருவன் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தான் என்பதற்காக எவரும் பத்திரமில்லாமல் எல்லோருக்கும் கடன் கொடுப்பதில்லை.

அதனினும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. குறைத்த எடை மீண்டும் ஏறிவிடுகிறதே, பின் எதற்கு இப்பாடு என்பது. உண்மையே, பெரும்பாலோருக்கு ஏறிவிடுகிறது. அமெரிக்காவில் 30 முதல் 54 வயது வரையிலுள்ள, எடை மிகுந்த 1,191 பேரைக் கொண்டு செய்த ஒரு சோதனையின் முடிவு 2001-இல் வெளிவந்தது. அவர்களுட் பாதிப்பேருக்கு எடை குறைக்கப் பயிற்சி அளித்தார்கள். முதல் ஆறு மாதத்தில் நாலரைக் கிலோவேனும் குறைத்து, அடுத்த முப்பது மாதமும் அதைக் காத்தவர்களுக்கு, பயிற்சி பெறாதவர்களோடு ஒப்பிட அழுத்த நோய் மூன்றில் ஒரு பங்கே வந்தது. குறைத்துவிட்டு மீண்டும் ஏற்றிக்கொண்டவர்களுக்கு அழுத்தமும் மீண்டும் ஏறிவிட்டது. ஆகவே பத்தே நாளில் பத்துக் கிலோ என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் பணத்தைக் கொடுப்பதில் பயனில்லை. ஒரு கிலோ குறைந்தால் மேலெண் ஏறக்குறைய ஒரு புள்ளி குறையுமென்று பல சோதனைகளை ஒன்று சேர்த்து 2003-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். நாலைந்து கிலோவைக் குறைத்து அதனைக் காத்துவருவதே நான் உங்களிடம் கேட்பது. பதினெட்டு வயது எடைக்கே திரும்ப வேண்டுமென்று கேட்கவில்லை. இன்று முப்பதிலிருப்பவர் இன்றுள்ள எடையிலேயே நாற்பத்தைந்து வரை நின்றுவிட்டால் அதுவே பெரிய லாபம்.

இரண்டு எச்சரிக்கைகள். மாத்திரை உட்கொள்ளுகிறவர்கள் இச்சொற்பொழிவைக் கேட்டு எடை குறைத்தோமென்று தாமாகவே மாத்திரையை நிறுத்தலாகாது; குறைப்பதும் நிறுத்துவதும் வைத்தியர் செய்ய வேண்டியவை. மற்றது, முயற்சியின்றித் தானாக எடை குறைந்தால், விசேஷமாக வயது முதிர்ந்தவர்களுக்கு, அது மகிழத்தக்கதன்று. நீரிழிவோ வேறு நோயோ உண்டாவென்று உடனே பார்க்க வேண்டும்.

இனி, நிர்வாக சபையின் முன்னுள்ள என் தீர்மானத்திற்கு வருகிறேன். சங்கக் கட்டிடத்தில் ஒரு நல்ல எடைபார்க்கும் கருவியும், இரத்த அழுத்தம் அளக்கும் கருவியும் வாங்கி வைத்து, மாதம் ஒருமுறை பயின்ற தாதி ஒருவரை அமர்த்தி, உறுப்பினர் குடும்பத்தார் அனைவரின் அளவையும் ஒரு பதிவுப் புத்தகத்தில் எழுதிவர வேண்டுமென்று கேட்டிருந்தேன். இதற்கு எதிர்ப்பு வந்திருக்கிறது. அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே அளக்கிறார்களே, சங்கப் பணம் எதற்கு என்றார் ஒருவர். அளக்கிறார்கள், நன்றாகவே அளக்கிறார்கள். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நம் மாகாணத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" என்னும் திட்டம் தொடங்கி, இந்நோய்க்கு மாத்திரையை வீடு தேடிக் கொண்டுவந்து தரவும் ஏற்பாடு செய்தார்கள். ஆயினும் கடையை விட்டு எழாதவருக்குச் சுகாதார நிலையம் தூரம். கூட்டத்திற்கு வந்த இடத்தில் அளப்பது எளிது. ஆண்டு விழா விருந்தில் ஒரு இனிப்பைக் குறைத்தால் இரு கருவிகளுக்கும் பணம் மிஞ்சும். இதைச் சொன்னதற்காக என்மீது சிலருக்கு வருத்தமென்று கேள்வி.

மற்றோர் எதிர்ப்பைத் தாய்மார்கள் சிலர் என் தமக்கையின் மூலம் தெரிவித்தார்கள். சங்கப் புத்தகத்தில் ஒரு பெண்ணின் எடையும், அவள் தகப்பனாரின் இரத்த அழுத்தமும் எழுதியிருந்தால், அது வெளியே பரவி, சம்பந்தம் பேச வருகிறவர்கள் காதில் விழாதா என்பது. சங்கத்தின் திருமணத் தகவல் புத்தகமும் அதே அலமாரியிலேதான் இருக்கிறது. இதைக் கேட்டபோது நான் வெட்கினேன். பெண்ணைப் பெற்றவர்கள் இப்படி அஞ்சும்படி நாம் வைத்திருக்கிறோம் என்பதும், அதை நான் முன்னரே எண்ணிப் பார்க்கவில்லை என்பதும் இரண்டும் வெட்கப்படத் தக்கவையே. ஆகவே தீர்மானத்தில் அப்பகுதியை நானே நீக்கிக்கொள்கிறேன். சங்கத்திற் கருவிகள் மட்டும் இருக்கட்டும்; எழுதுவது அவரவர் வீட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும்.

நம் வீடுகளில் அதற்கு ஏற்ற புத்தகம் ஏற்கெனவே இருக்கின்றது. ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று தராசுக்கும் எடைக்கற்களுக்கும் சந்தனம் குங்குமம் இட்டு வணங்குகிறோம். மறுநாள் விஜயதசமியன்று, முதல் வியாபாரத்துக்கு முன், மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஏறி நிற்கலாம். அந்த எண்ணை வீட்டுக் கணக்கின் முதற்பக்கத்தில், பெயருக்கு எதிரே, சென்ற ஆண்டு எண்ணுக்குக் கீழே எழுதலாம். முதல் வரியில் ஆரம்ப இருப்பாகப் பதினெட்டு வயது எடையை எழுத வேண்டும். அது ஞாபகமில்லாதவர்கள் பழைய இன்ஷூரன்ஸ் தாளையோ, வேலைக்குச் சேர்ந்தபோது பெற்ற வைத்தியச் சான்றையோ தேடிப் பார்க்கலாம். இல்லையேல் கல்யாண எடையாவது தாயாருக்கோ தமக்கைக்கோ தெரிந்திருக்கும். இரத்த அழுத்தத்தை அளப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் பேசாமல் சாய்ந்து உட்கார வேண்டும்; அரைமணி நேரத்துக்குள் காப்பி அருந்தியிருக்கலாகாது; கை இருதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும்; கை பருத்தவர்களுக்குப் பட்டையும் பெரிதாயிருக்க வேண்டும், இல்லாவிடில் எண் பொய்யாக ஏறும். இருமுறை அளந்து இரண்டையும் எழுதுங்கள்.

என் தமக்கை மகன் சென்ற ஆண்டே தொடங்கிவிட்டான். அவனுக்கு வயது முப்பத்திரண்டு. முதல் வரியில் தன் எடையை எழுதுமுன், அதற்கும் மேலே, தன் தகப்பனாரின் 56, 71 என்னும் இரண்டு எண்களையும் ஆண்டுகளோடு எழுதியிருக்கிறான்.